பதினோராவது மாடியிலிருந்து ஃபைவ் நைன்

கதிர்காமநாதனுக்கு மார்க் போட வராது. குறைக்கத்தான் வரும். பினாங்கு ஜுருவில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாகத் தரச் சோதனை வேலை. கையில் அளவுகோல், சட்டைப்பையில் சிவப்புப் பேனா, முகத்தில் எப்போதும் ஒரு சந்தேகம். 'சரியா இருக்கு' என்ற இரண்டு வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் அங்கே ஷிஃப்டே மாறிவிடும். வீட்டிலும் இதே கதைதான். மனைவி புஷ்பராணி புதிதாக ஒரு குழம்பு வைத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், மனிதர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, "உப்பு ஓகே. புளி கொஞ்சம் தூக்கல்" என்பார். புஷ்பராணி அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திப் பதினைந்து வருஷமாகிறது.

இப்பேர்ப்பட்ட ஆளைப் போய் போன பொங்கலுக்குக் கோலப் போட்டிக்கு நடுவராகப் போட்டார்களே, அந்தப் புண்ணியவான்களைத்தான் சொல்ல வேண்டும். ஜெலுத்தோங்கில் அவர் குடியிருப்பது பதினோரு மாடி ஃபிளாட்டின் உச்சி மாடி. வருஷா வருஷம் கீழே மண்டபத்தில் பெண்கள் கோலம் போடுவார்கள். நடுவர்கள் சுற்றி வந்து எல்லாருக்கும் ஒன்பது, ஒன்பதரை, பத்து என்று வாரி வழங்குவார்கள். எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார்கள். நம்மாள் டேப் எடுத்துக்கொண்டு போனார்! முட்டி போட்டு உட்கார்ந்து, பத்தாம் மாடி ஜெகதீஸ்வரி அக்காவின் மயில் கோலத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து, "வடக்கு மூலை நாலு சென்டிமீட்டர் கோணல்" என்று அத்தனை பேர் முன்னாலும் அறிவித்து, ஆறு மார்க் போட்டார்.

ஜெகதீஸ்வரி ஓய்வுபெற்ற நர்ஸ். முப்பத்தைந்து வருஷம் வார்டையே அதட்டி வைத்திருந்த குரல் அந்த அம்மாளுக்கு. அன்றைக்கு அந்தக் குரல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. லிஃப்டில் இரண்டு பேரும் தனியாக மாட்டிக்கொண்டால் அவர் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார், இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

இதற்கு நடுவில்தான் நாதனுக்கு ரேடியோப் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவர் பஷீர். பள்ளிக்கூடத்தில் நாதனுக்கு இரண்டு வகுப்பு இளையவர், இப்போது பட்டர்வொர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி மெக்கானிக். இருபது வருஷமாக வீட்டு மொட்டைமாடியில் கம்பி கட்டி ஊர் உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கும் அமெச்சூர் ரேடியோக்காரர். ஒருநாள் அவர் வீட்டில் தேநீர் குடிக்கப் போன இடத்தில், ஒரு பெட்டிக்குள்ளிருந்து யாரோ ஒரு பிரேசில்காரர் தன் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாதன் தேநீரை ஆறவிட்டு அந்த நாய்க்காகக் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு கேட்க வேண்டுமா? புத்தகம் வாங்கினார். தேர்வு எழுதினார். முதல் தடவை போச்சு, ஏனென்றால் ஒரு கேள்வியே தப்பு என்று மேற்பார்வையாளரோடு வாதாடிப் பாதி நேரத்தைத் தின்றுவிட்டார். இரண்டாம் தடவை வாயை மூடிக்கொண்டு எழுதி, லைசன்சும், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறியும் வாங்கினார். 'நைன் விஸ்கி டூ' என்று தொடங்கி, பின்னால் மூன்று எழுத்து. 'டபிள்யூ' என்ற எழுத்தை ரேடியோவில் விஸ்கி என்றுதான் சொல்ல வேண்டுமாம். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர், வெள்ளிக்கிழமை விரதக்காரர், கண்ணாடி முன்னால் நின்று "விஸ்கி, விஸ்கி" என்று பழகினார். புஷ்பராணி சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஐம்பத்து நான்கு வயதில், அலாரம் அடிக்கும் முன்னாலேயே எழுந்திருக்கும்படி அவருக்கு ஒரு விஷயம் வாய்த்தது இதுதான் முதல் தடவை. ஆனால் கைக்கடக்கமான சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குக் கடலுக்கு அக்கரையிலிருக்கும் பஷீரோடு பினாங்குப் பாலத்து டிராஃபிக் ஜாமைப் பற்றியே பேசுவது? உலகத்தோடு பேச வேண்டுமானால் பெரிய ரேடியோ வேண்டும், மொட்டைமாடியில் ஐந்து மீட்டருக்கு ஒரு கம்பி வேண்டும். ரேடியோ வந்துவிட்டது. கம்பி வரவில்லை. கம்பிக்கு ஃபிளாட் கமிட்டி அனுமதி தர வேண்டும்.

"டிசம்பர்ல ரெண்டு நாள் போட்டி வருது அண்ணே. அதுக்குன்னு கேளுங்க, குடுத்துருவாங்க லா" என்றார் பஷீர். "உங்களுக்கு ஏத்த விளையாட்டு அது. கதையெல்லாம் பேச வேணாம். ரெண்டு நாளைக்குள்ள எத்தன பேரத் தொடர்பு புடிக்கிறீங்க, அவ்வளவுதான். அழைப்புக்குறி, சிக்னலுக்கு மார்க்கு, வரிசை எண். பத்து செகண்ட்ல ஒரு ஆளு முடிஞ்சிரும்."

மார்க்கு என்றதும் நாதனுக்குக் காது நிமிர்ந்தது. "நூறு பேரப் புடிப்பேன்" என்றார். இதுவரை ஒருவரைக்கூடப் பிடித்ததில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் அப்துல் அஜீஸ் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குக் கம்பி கட்டிக்கொள்ளலாம். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே புத்தகத்தோடு வருவார். நேர் கீழ் வீட்டுக்காரர் 'தொந்தரவு இல்லை' என்று சொன்னால் கம்பி நிரந்தரமாக இருக்கும். 'தொந்தரவு' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே கழற்ற வேண்டும், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

நேர் கீழ் வீடு பத்தாம் மாடி. ஜெகதீஸ்வரி அக்கா. கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து நாதனை ஒரு பார்வை பார்த்தார். ஊசி போடும் முன்னால் நர்சுகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. போச்சுடா என்று நினைத்துக்கொண்டார் நாதன்.

அடுத்த மூன்று வாரம் அவர் செய்த அட்டகாசம் கொஞ்சமா? ரேடியோ அலை டிவியில் புகுந்து கோடு போடும், ஸ்பீக்கரில் புகுந்து உறுமும் என்று புத்தகத்தில் படித்திருந்தார். அதைத் தடுக்க வயர்களில் மாட்டும் கறுப்புக் காந்த வளையங்கள் உண்டு. தன் வீட்டில் டிவி, ஃபேன், மிக்சி, குளிர்பெட்டி என்று ஒரு வயர் விடாமல் மாட்டினார். போன் சார்ஜரில் மாட்டினார். இன்னும் ஒரு டஜனைப் பையில் போட்டுப் புஷ்பராணியிடம் கொடுத்து, "ஜெகா அக்கா வீட்டுல மாட்டிட்டு வா" என்றார்.

"உங்களுக்கென்ன விசரா?" என்றாள் புஷ்பராணி. மூன்று தலைமுறையாகப் பினாங்கில் இருந்தாலும், கோபம் வந்தால் அவளுக்கு யாழ்ப்பாணம் திரும்பிவிடும். "கோலத்துக்கு டேப் பிடிச்ச மனுசன்ட பொண்டாட்டி போய் அவங்க டிவிக்கு வளையம் மாட்டுறதா?" ஆனாலும் போனாள். மாட்டிவிட்டு, விஸ்கி என்றால் டபிள்யூ எழுத்து என்றும் விளக்கிவிட்டு வந்தாள். போட்டி சனிக்கிழமைக்குத் தன் தங்கை வீட்டுக்கு, தாசேக் கெலுகோருக்கு, மூட்டை கட்டினாள். ரெண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்க்க அவளுக்கு என்ன வேண்டுதலா?

போட்டி உலக நேரப்படி நள்ளிரவில் தொடக்கம், நமக்கு அது சனிக்கிழமை காலை எட்டு மணி. நாதன் ஆறு மணிக்கே குளித்து, திருநீறு பூசி, தேய்த்த முழுக்கைச் சட்டை போட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். ரேடியோவில் சட்டை தெரியாது என்பது அவருக்குப் பத்து மணிக்குத்தான் உறைத்தது.

எட்டு அடித்ததும் ஹெட்ஃபோனில் பசார் மீன்கடை திறந்தது. ஜப்பான், ஆஸ்திரேலியா, சீனா, இந்தோனேசியா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் கூப்பிட, பத்துப் பேர் பாய, யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே விளங்கவில்லை. நாதன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பிறர் செய்ததைச் சோதித்தே பழகியவருக்கு, தான் ஒன்றைச் செய்து பிறர் கையில் கொடுப்பது எவ்வளவு பயமான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு ஒரு ஜப்பான்காரர் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பாவம், பதில் சொல்ல ஆளில்லாமல். நாதன் கண்ணை மூடிக்கொண்டு தன் அழைப்புக்குறியைச் சொன்னார். உடனே பதில் வந்தது: "ஃபைவ் நைன், ஒன் ஒன் டூ." ஃபைவ் என்றால் பேச்சு முழுத் தெளிவு. நைன் என்றால் சிக்னல் முழு பலம். ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது! பின்னால் வந்தது வரிசை எண். அந்த மனிதர் ஒரு மணி நேரத்தில் நூற்றுப்பதினோரு பேரை முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது நாதன் மார்க் போட வேண்டிய முறை. ரேடியோவின் முள்ளைப் பார்த்தார். மூன்றைத் தாண்டவில்லை. இரைச்சல் வேறு. "குட் மார்னிங் சார். தேங்க் யூ வெரி மச். உங்க சிக்னல் நாலு, மூணு. இல்ல, கொஞ்சம் இருங்க, இப்ப நாலு, நாலு. என் பேரு நாதன். ஊரு பினாங்கு. இங்க மேகமூட்டமா இருக்கு" என்று ஆங்கிலத்தில் விஸ்தாரமாகத் தொடங்கினார். ஜப்பான்காரர் "நம்பர் ப்ளீஸ்" என்றார். இவர் மேகமூட்டத்தை முடித்துவிட்டுத்தான் நம்பருக்கு வந்தார். அதற்குள் அங்கே இன்னும் ஏழு பேர் வரிசையில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மனிதருக்குக் கால் தரையில் இல்லை. உடனே தாசேக் கெலுகோருக்குப் போன் போட்டார். "ராணி, ஜப்பான்காரரு எனக்கு முழு மார்க் போட்டாரு!"

"நல்ல மனுசர்" என்றாள் புஷ்பராணி. "மார்க் போடத் தெரிஞ்சவரு."

மத்தியானத்துக்குள் பதினோரு பேர் ஆனார்கள். பதினோரு பேரும் அவருக்கு ஃபைவ் நைன் கொடுத்தார்கள். அவர் அவர்களுக்கு மூன்று-இரண்டு, நான்கு-மூன்று, ஒரே ஒரு புண்ணியவானுக்கு ஐந்து-ஆறு கொடுத்தார். தன் கம்பியின் மேல் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து மீட்டர் கம்பிக்கு இவ்வளவு சக்தியா! மற்றவர்கள் எல்லாம் என்ன கம்பி கட்டுகிறார்களோ என்று கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

காலையிலிருந்து தன் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த பஷீர் ஒரு மணிக்குப் போனில் வந்தார். "அண்ணே, ஏதோ போட்டில இருக்கீங்கன்னு பாத்தா, கல்யாண வீட்டு வாசல்ல நின்னு குசலம் விசாரிச்சுக்கிட்டு இருக்கீங்க? அதென்ன அந்த ஆஸ்திரேலியாக்காரனுக்கு மூணு ரெண்டு?"

"அவ்வளவுதான் கேட்டுச்சு பஷீர்."

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. எல்லாருக்கும் ஃபைவ் நைன் லா அண்ணே. அதான் வழக்கம். அவன் கம்ப்யூட்டர்ல ஃபைவ் நைன்னு முன்கூட்டியே அடிச்சு வச்சிருப்பான். நீங்க வேற மார்க் சொன்னா, அவன் அத அழிச்சு எழுதணும். அதுக்குள்ள அங்க நாலு பேரு போயிருவான்."

"சரியாக் கேக்காதவனுக்கு முழு மார்க்கா? அப்ப அது பொய்தானே?"

"பொய் இல்லண்ணே, மரியாதை. ரோட்டுல ஒருத்தரு 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டா, 'நல்லா இருக்கேன்'னு தானே சொல்றோம்? ரத்தச் சோதனை ரிப்போர்ட்டையா எடுத்துக் காட்டுறோம்?"

நாதன் காலையில் எழுதிவைத்த முதல் வரியை விரலால் தொட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்த ஜப்பான்காரரு எனக்குக் குடுத்த ஃபைவ் நைன்?"

"அதுவும் அப்படித்தான் அண்ணே."

"பதினோரு பேருமா?"

"உலகத்துக்கே அப்படித்தான் லா."

பூரித்துப் போயிருந்த மனம் பொசுக்கென்று வற்றியது. பெண்டாட்டிக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பஷீர் கடைசியாக ஒன்று சொன்னார். "அப்புறம், உங்க குரல் கரகரன்னு உடையுது. மைக் அளவக் குறைச்சு வைங்க."

குறைத்தார். குறைத்ததும், பேசும்போது ரேடியோ முள் முன்போல எகிறவில்லை. முள் எகிற வேண்டுமே! கொஞ்சம் உரக்கப் பேசினார், எகிறியது. காதை அடைத்த ஹெட்ஃபோன் வேறு, தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அதோடு, அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெரியப்பாவுக்கு வீட்டுப் போனில் டிரங்க் கால் போட்டு, தொண்டை கிழியப் பேசிப் பழகிய குடும்பம். ஊர் எவ்வளவு தூரமோ குரல் அவ்வளவு உசரம் என்பது ரத்தத்தில் ஊறியது. இந்தோனேசியாவுக்கு ஒரு மாதிரி பேசினார், ஜப்பானுக்கு அதைவிட உரக்க, மத்தியானத்துக்கு மேல் ஐரோப்பாவிலிருந்து அலை வரத் தொடங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூவினார். அறை புழுங்கியது. காலையிலிருந்து பாதி திறந்திருந்த ஜன்னலை விரியத் திறந்துவைத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை நடந்தது. முதல் ஃபைவ் நைனைப் பொய்யாகச் சொன்னபோது ரேடியோ முள்ளை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பத்தாவதில் பழகிவிட்டது. முப்பதாவதில் அவர் வாய் தானாகவே "ஃபைவ் நைன், சீரோ ஃபோர் ஒன்" என்று ஓடியது. சனி இருட்டும்போது நாற்பத்தாறு. ஞாயிறு காலை மறுபடி ஜப்பான், மத்தியானம் இந்தியா, நான்கு மணிக்கு இத்தாலி. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே கத்தினார். சாயங்காலம் ஐந்தேகாலுக்குத் தொண்ணூற்றொன்பது! இன்னும் ஒன்றே ஒன்று.

நடுவில் அவ்வப்போது கீழ் வீட்டை நினைத்துக்கொள்ளாமல் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி, தன் வீட்டு டிவியைப் போட்டுப் பார்ப்பார். ஒரு கோடு இல்லை, ஒரு உறுமல் இல்லை. நம் வீட்டிலேயே இல்லையென்றால் கீழே எப்படி இருக்கும்? வளையங்களுக்கு மனதார நன்றி சொல்லிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து கத்துவார்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் புஷ்பராணி. கையில் தங்கை கொடுத்தனுப்பிய வாழைப்பூ, முகத்தில் பேயறைந்த மாதிரி ஒரு வெளிறல். அவரது ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"கீழ காடிய நிறுத்திட்டு இறங்கினேன். உங்க குரல் கேக்குது."

"ரேடியோலயா?"

"காதுல! கார் பார்க்குல நின்னா காதுல கேக்குது. விஸ்கி, விஸ்கி, விஸ்கி. வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகா என்னப் பாத்துச் சிரிக்கிறான். 'அங்கிள் நேத்துக் காலைலேர்ந்து இப்படித்தான் அக்கா'ங்கிறான். பத்தாம் மாடியில ஜெகா அக்காட ஜன்னல் நேரா உங்க ஜன்னலுக்குக் கீழ. அந்த மனுசி ரெண்டு நாள் எப்படி இருந்திருக்கும்?"

நாதன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். வீட்டிலுள்ள அத்தனை வயருக்கும் வளையம் மாட்டியிருந்தார். தொண்டைக்கு மாட்டவில்லை. ரேடியோவை அணைத்தார். தொண்ணூற்றொன்பதில் அணைத்தார், நூறாவது ஆளைத் தேடவில்லை. கம்பி போயிற்று. இனிமேல் ஆயுசுக்கும் பாலத்து ஜாம்தான் என்று நினைத்தபோது, வெட்கத்தையும் மீறி அழுகை வந்தது. வாழைப்பூவை வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரியாக ஆறு மணிக்கு அப்துல் அஜீஸ் வந்தார். மூவரும் ஒரு மாடி இறங்கி ஜெகதீஸ்வரி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் கையில் இஸ்திரி போட்ட தலையணை உறை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, துல்லியமாக, ஒரு கோடுகூட இல்லாமல்.

"டிவி எப்படி?" என்றார் தலைவர், பேனாவைத் திறந்து.

"ஓகே."

"ஃபேன், லைட்டு, போன்?"

"எல்லாம் ஓகே."

"சத்தம் ஏதும்?"

அந்த அம்மாள் கையிலிருந்த உறையை ஒருமுறை மடித்தார். நாதனைப் பார்த்தார். நாதனுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. உள்ளதைச் சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று உள்ளே ஒரு தரச் சோதனைக்காரன் குடைந்தான். "தலைவரே, சத்தத்தப் பொறுத்தவரைக்கும் நானே சொல்லிடறேன்" என்று தொடங்கினார். புஷ்பராணி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"அவர் எங்கிட்டத்தானே கேக்கறாரு?" என்றார் ஜெகதீஸ்வரி. பதினோரு மாதத்துக்குப் பிறகு நாதனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "ஃபைவ் நைன்."

"என்னது?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம். தொந்தரவு இல்லன்னு எழுதிக்குங்க."

அப்துல் அஜீஸ் தாடியைச் சொறிந்தார். "கீழ ரெண்டு பேரு விஸ்கி விஸ்கின்னு ஏதோ..."

"அது எழுத்து. டபிள்யூ. உங்களுக்குத் தெரியாது" என்றார் ஜெகதீஸ்வரி, வார்டில் புது டாக்டரிடம் பேசுகிற தோரணையில். தலைவர் எழுதினார். 'நேர் கீழ் வீட்டுக்குத் தொந்தரவு ஏதுமில்லை.' ஜெகதீஸ்வரி கையெழுத்துப் போட்டார். பிறகு புத்தகத்தை நாதன் பக்கம் நீட்டினார்கள், அவரும் போட வேண்டுமாம்.

நாதன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த வரியைப் படித்தார். மறுபடி படித்தார். அந்த வரி கோணல் என்று அவருக்குத் தெரியும், நாலு சென்டிமீட்டர் இல்லை, நாற்பது சென்டிமீட்டர் கோணல். இருபத்தெட்டு வருஷத்தில் இப்படியொன்றுக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டார்.

தலைவர் லிஃப்டில் இறங்கியதும் ஜெகதீஸ்வரி கதவைச் சாத்தாமல் நின்றார். "தொண்ணூத்தொம்பதுல ஏன் தம்பி நிறுத்துனீங்க? நேத்துலேர்ந்து நானும் எண்ணிக்கிட்டே இருக்கேன். நூறு வரட்டும், டீ போடலாம்னு இஸ்திரிப் பெட்டிய கூட அணைக்காம நிக்கறேன், பட்டுனு அமைதியாப் போச்சு."

"அக்கா, உங்களுக்கு ரெண்டு நாளா தலைவலி குடுத்திருக்கேன். நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அளவுப்படி போட்டா உங்களுக்கு ரெண்டு தான் தேறும். நேத்து மத்தியானம் ஒரு மாத்திர போட்டேன்" என்றார் அவர். "காலைல நீங்க ஒவ்வொருத்தனுக்கும் மூணு, நாலுன்னு போட்டுக்கிட்டு இருந்தீங்க. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, இந்த மனுசன் திருந்தவே மாட்டாருன்னு. மத்தியானத்துக்கு மேல எல்லாருக்கும் ஃபைவ் நைன். சரி, ஏதோ புத்தி வந்திருக்குன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த வடக்கு மூலை கோணல்தான் தம்பி. போடும்போதே எனக்குத் தெரியும். அன்னைக்கு முட்டி வலி, குனிய முடியல. எட்டிப் போட்டேன்."

நாதனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. டேப்பால் மூலையை அளந்தவருக்கு, அதைப் போட்ட கையோடு ஒரு முட்டியும் இருக்கும் என்று தோன்றவில்லையே. தன்னை நினைக்கவே அசிங்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். தொண்டையிலும் மிச்சம் ஒன்றுமில்லை.

"அக்கா, உங்க கோலம் ஃபைவ் நைன்."

"இப்பச் சொல்லி? அந்தப் போட்டி முடிஞ்சு போச்சு" என்றார் ஜெகதீஸ்வரி. சிரிக்கவில்லை, ஆனால் முகம் இளகியிருந்தது. "உங்களுதுக்கு இன்னும் டைம் இருக்கு. போங்க, போய் நூற முடிங்க. மெதுவா."

மேலே வந்து ஜன்னலைச் சாத்தினார். மைக் அளவைக் கொஞ்சம் ஏற்றினார். குரலை இறக்கினார். பொழுது சாயச் சாய அலைவரிசை அடங்கிக்கொண்டே போனது, காலையிலிருந்த மீன்கடையில் இப்போது ஒன்றிரண்டு பேர்தான். ஏழு மணி ஆகப் போகும்போது, இரைச்சலுக்கு அடியில் எங்கோ ஒரு போர்ச்சுகல்காரரின் குரல் கேட்டது. நாதன் மெதுவாகத் தன் அழைப்புக்குறியைச் சொன்னார். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். நான்கு தடவை சொன்ன பிறகு, அந்த மனிதர் முழுசாகப் பிடித்துக்கொண்டு, திருப்பிச் சொன்னார்: "யூ ஆர் ஃபைவ் நைன்."

தன் குரல் அங்கே என்ன லட்சணத்தில் கேட்டிருக்கும் என்று நாதனுக்கு நன்றாகத் தெரியும். நேற்றுக் காலையாக இருந்தால் சிரித்திருப்பார், அல்லது வாதாடியிருப்பார். இப்போது கண் கலங்கியது. முள் அசையவே இல்லை, அதை அவர் பார்க்கவும் இல்லை. "யூ ஆர் ஃபைவ் நைன், ஒன் சீரோ சீரோ" என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி.

தரையில் கீழிருந்து டொக்கு டொக்கு என்று துடைப்பக் கட்டையால் இடிக்கும் சத்தம். நாதன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பத்தாம் மாடி ஜன்னலிலிருந்து ஜெகதீஸ்வரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கேக்கல தம்பி!" என்று வார்டுக் குரலில் அதட்டினார். "எத்தன ஆச்சு?"

"நூறு அக்கா!" என்று கத்தினார் நாதன். அது கார் பார்க் வரைக்கும் கேட்டிருக்கும்.